ஆர்மோனியப் பெட்டியும் அறிஞர் தீர்ப்பும்

கற்றோர் இகழும் ஒன்றை ஒருவன் மனமார விரும்புவானாயின், அவ்விருப்பம் பேதைமையாகுமா? அண்மையில் இவ்வினாவை என்னிடம் எழுப்பியவன் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன். தன் பாட்டனார் இரவுதோறும் பழைய இசைநாடகப் பாடல்களைக் கைப்பேசியிற் கேட்டுக் கண் கலங்குவதாகவும், முறையாகச் சங்கீதம் பயிலும் தன் தமக்கை அவ்வார்மோனிய ஓசை எழுந்ததும் முகஞ் சுளித்து அப்பாற் போய்விடுவதாகவும் கூறி, இருவருள் எவர் பக்கம் நியாயம் என்று அவன் கேட்டான். அப்பொழுது வகுப்பில் அணியிலக்கணம் நடந்துகொண்டிருந்தது. பாடத்துக்குப் புறம்பான வினா என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். உண்மை அதுவன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே வினாவுக்கு யான் ஒரு விடை கூறியதுண்டு. அவ்விடையை மீண்டுங் கூற எனக்கு மனம் வரவில்லை. வேறு விடை அப்பொழுது ஆயத்தமாகவும் இருக்கவில்லை. இக்கட்டுரை அம்மாணவனுக்கு யான் கடன்பட்டதாகும்.

ஆர்மோனியம் நம் நாட்டுக் கருவியன்று. பிரான்சு தேசத்துப் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842 ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு செய்த கருவி அது. துருத்தி ஊதும் காற்று, பித்தளை நாக்குகளை அதிரச்செய்து ஓசையைப் பிறப்பிக்கும். அந்நாக்கு எனும் உபாயமோ ஐரோப்பாவில் தோன்றியதன்று. சீனரின் ஷெங் என்னும் ஊதுகருவியிலும் அது பண்டு தொட்டு உண்டு. கிழக்கிலிருந்து மேற்கே சென்ற உபாயம், பெட்டியாக உருமாறிப் பாதிரிமாருடனும் வணிகருடனும் கிழக்குக்கே திரும்பி வந்தது. ஐரோப்பியர் நாற்காலியிலிருந்து காலால் மிதித்து வாசித்ததை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிற் கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் முதலிய தொழில் வல்லோர் நிலத்திலே சப்பணமிட்டிருந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றினர். அதன் பின்னர் அது செல்லாத இடமில்லை. மராத்தி நாடக மேடை, பார்சி நாடக மேடை, சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த தமிழ் நாடக மேடை, பஜனை மடம், சீக்கியர் கீர்த்தனம், முசுலிம்களின் கவ்வாலி என்று எங்கும் புகுந்து, ஈற்றில் நாடகக் குழுக்களோடு கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் வந்து அமர்ந்தது.

இவ்வாறு பொதுமக்கள் இரு கை நீட்டி ஏற்ற கருவியை இசை வல்லோர் இகழ்ந்தது போல வேறெந்தக் கருவியையும் இகழ்ந்ததில்லை. கொழும்பிற் பிறந்து கலையுலகெங்கும் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி அதனைக் கண்டித்தெழுதினார். இந்திய இசை பற்றி 1914 இற் பெருநூல் எழுதிய ஆங்கிலேயரான பொக்ஸ் ஸ்ட்ராங்வேஸ், அப்பெட்டியைத் துணையாகக் கொள்ளும் பாடகன் தன் முதன்மைச் செல்வமாகிய செவியைத் தானே கெடுத்துக்கொள்கிறான் என்னுங் கருத்துப்பட எழுதினார். அகில இந்திய வானொலியில் ஐரோப்பிய இசைப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் போல்ட்ஸ் 1938 இல் அதற்கெதிராக ஒரு கட்டுரை வரைந்தார். மகாகவி இரவீந்திரநாத தாகூர் 1940 சனவரியிற் கல்கத்தா வானொலி நிலையத்துக்கு எழுதி, அக்கருவியை நிலையத்திலிருந்து விலக்குமாறு கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு மார்ச்சு முதலாந் திகதி தொடக்கம் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. வெள்ளையரும் இந்தியரும், ஆட்சியாளரும் அவ்வாட்சியை வெறுத்தோரும் ஒரு முகமாக உடன்பட்ட கருமங்கள் அக்காலத்திற் பல இருந்திருக்க மாட்டா. ஆர்மோனியத்தை வெறுப்பதில் அவர்கள் உடன்பட்டனர்!

அவர்கள் கூறிய காரணங்கள் வெறும் பழிப்பல்ல என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். நம் இசையின் உயிர் கமகம். தோடி இராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அஃது ஓரிடத்தில் நிற்பதன்று. ரிஷபத்தை அணைந்தும் மத்திமத்தை எட்டியும் அசைந்தாடும்பொழுதே அது தோடிக் காந்தாரமாகும். பாடகன் குரல் அவ்வாறு அசையும். வீணையில் தந்தியை இழுத்தும், பிடிலில் விரலை வழுக்கியும் அவ்வசைவைப் பிறப்பிக்கலாம். ஆர்மோனியத்தின் கட்டையோ அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் ஓயும். ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் இடையே பாலமில்லை. இரண்டாவது குற்றம் சுரத்தானம் பற்றியது. மேல்நாட்டார் ஒரு தாயியைப் பன்னிரண்டு சம கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் நூறு நுண்கூறாகக் கணக்கிட்டு, அந்நுண்கூற்றைச் சென்ற் என்பர். அப்பங்கீட்டின்படி சட்சத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைத்தூரம் 400 சென்ற். தம்புராவின் நாதத்தில் இயல்பாக இழைந்து வரும் காந்தாரமோ 386 இல் நிற்பது. இப்பதினான்கு சென்ற் வேற்றுமை சாதாரணச் செவிக்குப் புலப்படாது என்பார் உளர். தம்புராவை மீட்டிக்கொண்டு ஆர்மோனியக் காந்தாரத்தை அழுத்திப் பார்த்தவர் அங்ஙனங் கூறார்.

பிடிலும் அந்நியக் கருவிதானே என்று கேட்பார்க்கு விடை இங்கேயே உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனைக் கையேற்று நம் இசைக்குப் பணியவைத்தனர். அது பணிந்தது, ஏனெனில் அதன் தந்தியில் மேடு பள்ளம் இல்லை, விரல் எங்கும் வழுக்கிச் செல்லலாம். ஆர்மோனியம் பணியாது. ஆகவே அந்நியம் என்ற ஒரே காரணத்தால் அறிஞர் அதனை ஒறுத்தனர் என்பது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

இக்காரணங்களை எல்லாம் யான் இளமையிற் கசடறக் கற்றிருந்தேன். அதுவே வினையாயிற்று.

என் அம்மான், அதாவது அன்னையாரின் தமையனார், தச்சுத் தொழிலாளர். பகலில் உளியும் இழைப்புளியும் பிடித்த கை, இரவில் ஆர்மோனியம் வாசித்தது. எங்கள் பகுதி இசைநாடகக் குழுவொன்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரே ஆர்மோனியக்காரர். 1989 யூலையில் நடிகமணி வி. வி. வைரமுத்து காலமானார். காங்கேசன்துறையிற் பிறந்து, அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் நின்று, மூன்று தலைமுறையினரை அழவைத்த அம்மாபெருங் கலைஞரின் மறைவு அக்காலத்தில் வடபுலத்து வீடுகளில் உறவினர் மறைவு போலவே இருந்தது. சில நாட்களின் பின் ஒரு மாலை அம்மான் தம் வீட்டு விறாந்தையில் இருந்து, மயான காண்டப் பாட்டொன்றைப் பெட்டியில் வாசித்துக்கொண்டிருந்தார். அயலவர் நால்வர் ஐவர் சுற்றியிருந்தனர். யானோ அவ்வேளை பண்டிதர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அடியார்க்குநல்லார் உரையுந் தலைக்கேறியிருந்த காலம். வாசிப்பு ஓய்ந்ததும் ஒருவர் "தம்பி படிச்சவர், இவர் என்ன சொல்லுறார் பாப்பம்" என்று என்னைப் பார்த்தார். யான் சொன்னேன்: இது ஓசைப்பெட்டியே அன்றி இசைக்கருவியன்று, இதிற் கமகம் பேசாது, இதனை விரும்புவோர் இசை அறியாதோர்.

அம்மான் சினக்கவில்லை. பெட்டியின் துருத்தியை மெல்ல மூடிக்கொண்டு, "தம்பி, நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனால் ஒண்டு கேக்கிறன். விடியப்புறம் மூண்டு மணிக்குத் தொண்டை அடைச்சுப்போன அரிச்சந்திரனுக்கு உன்ரை வீணை என்ன செய்யும்?" என்றார். யான் ஏதோ விடை கூறினேன். அது நினைவில் இல்லை. அதன் பின் யான் அவ்வீட்டுக்குச் சென்ற வேளைகளில் அவர் அப்பெட்டியைத் திறந்ததில்லை. படலையில் என் மிதிவண்டி மணியோசை கேட்டதும் உள்ளே வாசிப்பு நின்றுவிடுவதைப் பல முறை கவனித்திருக்கிறேன். அவர் என்னை வெறுத்தாரல்லர். தேநீர் தந்து, தேர்வு பற்றிக் கேட்டு, அன்போடு வழியனுப்புவார். வாசிக்க மட்டும் மாட்டார்.

அம்மான் கேட்ட கேள்வியை ஒரு சாதுரியமான எதிர்ப்பேச்சு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அஃது எதிர்ப்பேச்சன்று, ஒரு தொழிலாளியின் கணக்கு. இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் கிழக்கு வெளுக்கும் வரை நடக்கும். மேடைக்கு முன் மணற்பரப்பில் ஆயிரம் பேர், கடற்காற்று, குழந்தைகளின் அழுகை, கச்சான் விற்போர் கூச்சல். ஒலிபெருக்கி வருமுன் நடிகன் குரல் கடைசிப் பாய் வரை எட்டியாக வேண்டும். ஆகையால் மிக உயர்ந்த சுருதியிற் பாடினர். நள்ளிரவு கழிந்தபின் மயான காண்டம் வரும். அந்நேரம் அரிச்சந்திரனின் தொண்டை பாதி போயிருக்கும். அடியெடுத்துக் கொடுப்பது ஆர்மோனியம். நடிகன் மூச்சு வாங்கும்பொழுது பாட்டு அறுந்துவிடாமல் ஏந்திக்கொள்வது ஆர்மோனியம். குரல் பிசிறினால் அப்பிசிறை மூடிச் சபைக்கு அது தெரியாமற் செய்வதும் ஆர்மோனியமே. வீணையின் நாதம் முதல் வரிசையைத் தாண்டாது. பிடிலின் நரம்புகள் உப்புக்காற்றுப் பட்டு மணிக்கொரு முறை சுருதி இறங்கும். பித்தளை நாக்கு இறங்காது. மேலும், ஊரிலே ஒரு பெட்டி இருந்தாற் போதும். ஆசிரியரைத் தேடிப் பத்தாண்டு குருகுலவாசஞ் செய்ய இயலாத தச்சனும் கடற்றொழிலாளியும் இரண்டொரு ஆண்டில் பாட்டுக்குப் பக்கமாக நிற்குமளவு பழகிக்கொள்வர். அறிஞர் கேட்டது, இக்கருவி தோடியைப் பேசுமா என்பது. மணலில் இருந்தவர் கேட்டது, அரிச்சந்திரன் விடியும் வரை பாடுவானா என்பது. கருவி ஒன்றே, வினா இரண்டு.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலை முடிக்குமிடத்து, கண்ணினாலுஞ் செவியினாலும் நுணுகி உணரும் அறிவுடையோர்க்கன்றி மற்றையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருளை எண்ணியறிதல் அரிது என்னுங் கருத்தமையக் கூறுவார். இதனை மாணாக்கர்க்குப் பல முறை பாடஞ் சொல்லியிருக்கிறேன். கண்ணையுஞ் செவியையுஞ் சொன்ன ஆசிரியர் ஏட்டைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பட்டது பின்னரே. ஏடு வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஏடு கற்றவன் செவி தானே கூர்மையாகிவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோமே, அவ்வெண்ணத்துக்கு அங்கே ஆதாரமில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. கருநாடக இசைவாணர் தம் சுருதியை எவ்வாறு குறிப்பிடுகின்றனர்? ஒருவர் ஒரு கட்டையிற் பாடுகிறார், மற்றொருவர் இரண்டரைக் கட்டையில், அவ்வம்மையார் ஐந்து கட்டையில் என்கின்றனர். அக்கட்டை எது? ஆர்மோனியத்தின் கட்டையே அன்றி வேறில்லை. வெண்கட்டைகளுக்கு முழு எண்ணும், இடையிலுள்ள கருங்கட்டைகளுக்கு அரையெண்ணும் வழங்குவர். மூன்றாங் கட்டைக்கும் நான்காங் கட்டைக்கும் நடுவே கருங்கட்டை இல்லாமையாற் "மூன்றரைக் கட்டை" என்ற வழக்கே நம் இசையுலகில் இல்லாமற் போயிற்று. கச்சேரி மேடையிலிருந்து பெட்டியை விலக்கினவர்கள் அதன் பற்களைத் தம் நாவிலே வைத்திருக்கின்றனர்! தம்புராவுக்குத் துணையாகவும், பின்னர் அதற்குப் பதிலாகவும் கச்சேரிகளில் ஊதப்பட்ட சுருதிப்பெட்டி யாது? கட்டை பிடுங்கப்பட்ட ஆர்மோனியம் அது. அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு. மின்னியற் சுருதிப்பெட்டி வந்து அதனையும் ஒதுக்கும் வரை வித்துவான்களின் முதுகுக்குப் பின்னால் அது ஒலித்துக்கொண்டே இருந்தது.

தமிழ் கற்றோராகிய நாம் இவ்விடயத்திற் சற்று நாணவும் வேண்டும். நாம் போற்றும் கருவி யாழ். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் ஆண்டு பல உழைத்து, மறைந்துபோன அவ்விசைக்கருவியின் இலக்கணத்தை மீட்டு, 1947 இல் யாழ் நூலைத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றி, அவ்வாண்டிலேயே இறைவனடி சேர்ந்தார். அடிகள் விளக்கிய யாழ் வில் வடிவினது. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. மெட்டில் அழுத்தி இழுக்கும் வீணையின் வசதி அதற்கு இல்லை. கமகம் பெருகிய காலத்தில் வீணை ஓங்கியமைக்கும் யாழ் ஒடுங்கியமைக்கும் அதுவே ஒரு காரணம் என்று இசை ஆராய்வோர் பலர் கருதுவர். ஆயின், சுரத்துக்கு ஒரு நரம்பு என நின்ற யாழைத் தெய்வக் கருவி என்று கைகூப்பிக்கொண்டு, சுரத்துக்கு ஒரு நாக்கு என நிற்கும் பெட்டியை ஓசைப்பெட்டி என்று யான் சொன்னது எந்த நியாயத்தால்? யாழை அதன் ஆசான் தன் செவிக்கேற்பத் திவவைத் திருத்திச் சுருதி கூட்டுவான், ஆர்மோனியமோ தொழிற்சாலையிற் கூட்டியபடியே நிற்பது என்று ஒரு வேற்றுமை சொல்லலாம். அவ்வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு யானும் சில காலம் என்னைத் தேற்றினேன். அதற்கும் பின்னர் ஓர் இடையூறு வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

இகழ்ச்சி ஒரு பெட்டியோடு நிற்பதில்லை. இந்தியாவில் 1952 தொடக்கம் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் தாமே இந்துஸ்தானி இசை பயின்றவர். திரைப்படப் பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்பது அவர் உறுதியான நம்பிக்கை. அவற்றுக்குரிய நேரத்தை அவர் குறைத்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதனையும் நிறுத்தினார். பட உற்பத்தியாளர் சினந்து உரிமையை மீட்டுக்கொள்ளவே, அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் ஏறத்தாழ ஒலிக்காமலே போயின. அப்பொழுது நிகழ்ந்ததை இலங்கையர் நன்கறிவர். இரண்டாம் உலகப் போரிலே தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் நிறுவப்பட்ட வலிய சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் நம் நாட்டு வானொலிக்குக் கிடைத்திருந்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் தொடங்கிவிட்டது. தில்லியிற் கிடைக்காத பாட்டைத் தேடி இந்திய மக்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினர். அமீன் சயானி நடத்திய வாராந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி வடஇந்தியத் தெருக்களை வெறிச்சோட வைத்ததென்பர், தமிழ்நாட்டிலோ எஸ். பி. மயில்வாகனனின் குரல் வீட்டுக் குரலாயிற்று. 1957 ஒற்றோபர் மூன்றாந் திகதி அகில இந்திய வானொலி விவித் பாரதி என்ற மெல்லிசைச் சேவையைத் தொடங்கித் தோல்வியை நாகரிகமாக ஏற்றுக்கொண்டது.

கேஸ்கரை நகைப்பது எளிது, பலரும் நகைத்தனர். யான் அதிற் சேரேன். சமஸ்தானங்கள் ஒழிந்து புரவலர் அற்ற காலத்தில் நூற்றுக்கணக்கான வித்துவான்களின் அடுப்பை எரியவைத்தது வானொலியே. பெரும்பான்மையோர் விரும்புவது மாத்திரமே ஒலிக்கட்டும் என்று விட்டிருந்தால் சில மரபுகள் இன்று ஒலித்தட்டிலும் எஞ்சியிரா. ஓர் அரிய பொருளுக்கு இடங்கொடுக்க வேண்டும் என்று வாதாடுவது அறிஞரின் கடமை. அதற்காக அவர்கள் பிடிவாதமாயிருந்தாலும் குறையில்லை. கேஸ்கர் பிழைத்தது அவ்விடத்தன்று. சலூனிலே முகச்சவரஞ் செய்யுங்கால் ஒரு பாட்டைக் கேட்டு மகிழும் மனிதனுக்கு ஏதோ நோய் உண்டென்றும், மருந்தைக் கட்டாயமாகப் புகட்டினால் அது தீருமென்றும் அவர் எண்ணினார்.

விருப்பம் எதுவாயினும் அதனை வினவலாகாது என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆர்மோனியத்தில் வாசித்த தோடியே தோடி, வீணைக்காரர் வீணே குலுக்குகின்றனர் என்று ஒருவன் சொல்வானாயின் அவனைத் திருத்தத்தான் வேண்டும். அவன் சொன்னது விருப்பமன்று, பிழையான செய்தி. இரவு பன்னிரண்டு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியை ஊர் நடுங்கத் திருப்பிவிட்டு, இஃது எங்கள் விருப்பம் என்பாரிடத்தும் எனக்குப் பொறுமை இல்லை. அங்கே கேடு அயலானின் உறக்கத்துக்கு. (என் மாணவர் சிலர் இவ்வரியைப் படித்துச் சிரிப்பர், சிரிக்கட்டும்.) ஆனால் ஒருவன் தன் விறாந்தையிலிருந்து, எனக்கு இது இனிக்கிறது என்பானாயின், அதனை மறுக்க எந்த நூலிலே சான்று காட்டுவது? அவனுக்கு இனிக்கிறது என்பது ஒரு நிகழ்ச்சி. அது ஏன் இனிக்கிறது என்று கேட்கலாம். கேட்டிருந்தால் எனக்கு மயான காண்டத்து மூன்று மணி அன்றே விளங்கியிருக்கும். யான் கேட்கவில்லை, தீர்ப்பே கூறினேன்.

அகில இந்திய வானொலி தன் தீர்ப்பை 1971 இல் ஓரளவு தளர்த்தியது. தடை நின்ற முப்பது ஆண்டுகளிலும் வெளிக் கச்சேரி மேடைகளில் இந்துஸ்தானி வித்துவான்கள் ஆர்மோனியத்தை விட்டார்களில்லை. பீம்சேன் ஜோஷி போன்ற பெரும் பாடகர்க்கே அது பக்கவாத்தியமாக விளங்கியது. வழக்கு முற்றாக முடிந்ததென்றுஞ் சொல்வதற்கில்லை. 2022 இற்கூட, அமிர்தசரசுப் பொற்கோயிற் கீர்த்தனத்திலிருந்து ஆர்மோனியத்தைப் படிப்படியாக விலக்கிப் பழைய நரம்புக் கருவிகளைக் கொண்டுவருமாறு சீக்கியரின் அகால் தக்த் பீடத்திலிருந்து பணிப்புரை பிறந்தது.

என் வழக்கு வேறு விதமாக முடிந்தது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்த இரவில், அப்பெட்டி சாக்கினாற் சுற்றப்பட்டு அம்மானின் மிதிவண்டிப் பின்னிருக்கையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றது. ஆறு மாதங்களின் பின் அவ்வாறே திரும்பியும் வந்தது. அம்மான் 2003 இற் காலமானார். அவர் குழுவில் அரிச்சந்திரன் வேடந் தாங்கியவர் அதற்கு முன்னரே கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போய் அங்கே மறைந்துவிட்டார். பெட்டி அம்மானின் மகளாகிய மச்சாள் வீட்டில் அலமாரியின் மேல் இருந்தது. என் மாணவன் கேட்ட கேள்வி மனத்தை உறுத்தவே, சென்ற மாதம் போய் அதனை இறக்கச் சொன்னேன்.

மேற்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். நாக்குகள் வரிசையாக நின்றன. கரையான் தொடவில்லை, சிலவற்றிற் பச்சை படிந்திருந்தது. தூசியைத் துடைக்கும்பொழுது ஒன்று கண்ணிற் பட்டது. ஏழாங் கட்டைக்குரிய நாக்குகளின் அடிப்புறத்தில், தறையாணிக்கு அருகே, குறுக்காக மெல்லிய கோடுகள் அரத்தினாற் கீறப்பட்டிருந்தன. கீழ்த் தாயி, நடுத் தாயி, மேல் தாயி மூன்றிலும், இரு வரிசை நாக்குகளிலும் அக்கீறல் இருந்தது. வேறெந்தக் கட்டையின் நாக்கிலும் அது காணப்படவில்லை. நாக்கின் நுனியைச் சுரண்டினாற் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். இது பெட்டி திருத்துவோர் அறிந்த தொழில். மச்சாளின் மகன் தன் கைப்பேசியிற் சுருதி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்தான். ஐந்தாங் கட்டையைச் சட்சமாகக் கொண்டு அளந்தபொழுது மற்றக் கட்டைகள் நாலைந்து சென்ற் இங்குமங்குமாக நின்றன; இத்தனை ஆண்டுக்கு அது பெரிதன்று. ஏழாங் கட்டை மாத்திரம் மூன்று தாயியிலும் பன்னிரண்டு, பதின்மூன்று சென்ற் தாழ்ந்து நின்றது.

ஐந்து கட்டைச் சுருதிக்கு அந்தர காந்தாரம் ஏழாங் கட்டை. 400 இல் நின்ற காந்தாரத்தைத் தச்சுக்கை ஒன்று அரத்தினால் அராவி, 386 இற்கு மிக அண்மையில் இறக்கி வைத்திருந்தது. போல்ட்ஸ் எழுதியதையும் பொக்ஸ் ஸ்ட்ராங்வேஸ் எழுதியதையும் அம்மான் படித்தவரல்லர். சென்ற் என்ற சொல்லை அவர் கேட்டிருக்கவே மாட்டார். அவர் செவிக்கு அக்காந்தாரம் உறுத்தியிருக்கிறது, அராவியிருக்கிறார்.

அவர்கள் குழுவின் அரிச்சந்திரன் பாடியது எந்தச் சுருதியில் என்று மச்சாளிடங் கேட்டேன். "அவர் எப்பவும் அஞ்சு கட்டைதான். ஐயா வேறை ஆருக்கும் அந்தப் பெட்டியிலை வாசிக்க மாட்டார். ஆரும் வந்து கேட்டால், இது பிழையான பெட்டி எண்டு சொல்லி விட்டிடுவார்" என்றாள். சொன்னது மெய்யே. அவ்வாறு அராவிய பெட்டி ஐந்து கட்டையிற் பாடுவோர்க்கு மாத்திரம் உதவும். வேறு சுருதிக்கு ஏழாங் கட்டை வேறு சுரமாகிப் பிசகும்.

கொழும்பிற் பெட்டி திருத்துவோர் ஒருவர் இருக்கிறாராம். அவரிடங் கொடுத்துச் சுருதி சேர்த்தாற் பேரப்பிள்ளைகள் பழகலாமே என்று மச்சாள் என் கருத்தைக் கேட்டாள். துருத்தித் தோல் கிழிந்திருக்கிறது, அதனை மாற்றலாம் என்றேன். ஏழாங் கட்டையை மட்டுந் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.